ஒரு சட்டி, ஒரு தட்டு, நீண்ட வரிசை

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் சார் கொய்தியோ என்ற வறுத்த அரிசி நூடுல்ஸ் சாப்பிடக் கிளம்புகிறவர் பசியோடு கொஞ்சம் பொறுமையையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது. சயாம் ரோட்டில் கரி அடுப்பில் வறுத்துத் தரும் பேர்பெற்ற கடையில் அரை மணி, முக்கால் மணி நேரம் நிற்பது சாதாரணம். கூட்டம்தான் காரணம் என்று தோன்றும். பாதிக் காரணம் சட்டிக்குள் இருக்கிறது. தேர்ந்த கொய்தியோக்காரர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வறுப்பார், மிஞ்சிப்போனால் இரண்டு. முன்னால் இருபது பேர் நின்றாலும் அவர் கை அவசரப்படாது. வரிசையும் முணுமுணுக்காது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தெருவோரத்தில் வளர்ந்த சாப்பாட்டு உலகம் இது. மலேசியத் தமிழர்கள் ஒட்டுக்கடை என்பார்கள். சிங்கப்பூரில் அங்காடிக்கடை, அவை ஒரே கூரையின் கீழ் கூடியிருக்கும் இடம் உணவங்காடி நிலையம். பெயர் எதுவானாலும் ஏற்பாடு ஒன்றுதான்: ஒரு கடைக்கு ஒரு பண்டம், அதைச் செய்ய ஓர் ஆள், பெரும்பாலும் அதே ஆள் இருபது முப்பது வருடம். விலைப்பலகை நீளமாக இருக்கும் கடையை உள்ளூர்க்காரர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஒவ்வொரு தட்டாக வறுப்பதில் பிடிவாதம் எதுவும் இல்லை. அது நெருப்பின் கணக்கு. கொய்தியோ என்பது அரிசிமாவைக் கரைத்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, நாடா நாடாவாகக் கீறியெடுப்பது. நம் இடியாப்பத்தைப் போல அதிலும் ஈரம்தான் அதிகம். சட்டியில் விழுந்ததும் அந்த ஈரம் ஆவியாகும். ஆவியாகும்போது இரும்பின் சூட்டை வாரிக்கொண்டு போகும். நான்கு தட்டுக்கு உரியதை ஒரேயடியாகக் கொட்டினால் சட்டி சட்டென்று தணிந்து, வறுபட வேண்டியது வெந்து குழைந்துவிடும். ஒரு தட்டளவு என்றால் கதை வேறு. ஈரம் சீறி மறைகிறது, நாடாவின் ஓரம் லேசாகத் தீய்கிறது, சோயா சாற்றில் உள்ள சர்க்கரை பொசுங்குகிறது, தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீயைத் தொட்டுப் பற்றி அணைகின்றன. இவை எல்லாம் சேர்ந்த புகைமணத்தைக் கான்டனீஸ் பேசுவோர் 'வொக் ஹெய்' என்பார்கள். வீட்டு கேஸ் அடுப்பில் அது வராததற்குக் கைப்பக்குவம் மட்டும் காரணமில்லை. அந்த அடுப்புக்கு அவ்வளவு அனல் கிடையாது.

அனல் அதிகமானால் இன்னொரு சிக்கல்: நின்ற இடத்திலேயே நின்றால் எல்லாம் கரியாகிவிடும். அதனால்தான் சட்டி ஓயாமல் ஆடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் சமையல்காரர்கள் சோறு வறுப்பதைப் படம்பிடித்துக் கணக்கிட்டு, 2020-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். தேர்ந்த கை சட்டியை விநாடிக்கு ஏறக்குறைய 2.7 முறை தள்ளி இழுக்கிறது. ஒவ்வொரு தடவையும் சோறு காற்றில் எழுந்து, சற்றே ஆறி, திரும்ப விழுகிறது. சோற்றுக்குச் சொன்னது நூடுல்சுக்கும் பொருந்தும். சீன உணவகச் சமையல்காரர்களுக்குத் தோள்வலி ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வியும் அந்த ஆய்வில் உண்டு. பத்து ரிங்கிட் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் தட்டில் இந்தத் தோளின் பங்கை யாரும் விலை போடுவதில்லை.

வறுக்கும் வேலை மொத்தமும் இரண்டு மூன்று நிமிடம். புகை கிளம்பும்வரை சட்டி காய்கிறது. உருக்கிய பன்றிக்கொழுப்பு, உடனே நசுக்கிய பூண்டு. பூண்டு சிவப்பதற்குள் இறாலும், மெல்லியதாகச் சீவிய சீனத்துத் தொத்திறைச்சியும். ஒரு கைப்பிடி கொய்தியோ. சோயா கலவையைச் சட்டியின் நடுவில் ஊற்றாமல் விளிம்பைச் சுற்றி விசிறுகிறார். காய்ந்த இரும்பில் பட்டுப் பொசுங்கினால்தான் அதற்கு மணம். பிறகு நாடாக்களை ஒரு பக்கம் ஒதுக்கி, காலியான இடத்தில் ஒரு முட்டை. அது பாதி இறுகும்போது கொய்தியோவை அதன் மேல் புரட்டிவிடுகிறார். மிளகாய் விழுது, 'தவுகே' என்கிற முளைப்பயறு, பூண்டு வாசமுள்ள சீனக் கீரைத் தண்டு. சிப்பியைக் கடைசிச் சில விநாடியில்தான் போடுவார். கூடுதலாக வெந்தால் ரப்பராகிவிடும். தட்டில் ஒரு வாழையிலைத் துண்டு, அதன் மேல் கொய்தியோ, அவ்வளவுதான். கோழி முட்டைக்குப் பதில் வாத்து முட்டை கேட்பவர்களும் உண்டு. கொஞ்சம் காசு கூடும், சுவையும் கொழுப்பும் கூடும்.

பின்னாளில் பேர் வாங்கிய இந்தப் பண்டம் தொடக்கத்தில் கூலிக்காரர்களின் இரவுச் சாப்பாடு. கொழுப்பும் மாவும் மலிவு, வயிறு நிறையும், மறுநாள் துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தெம்பு தரும். சிங்கப்பூரில் இதே பெயரில் கிடைப்பது கறுத்து, இனித்து, மீ என்ற மஞ்சள் நூடுல்சும் கலந்து வரும். பினாங்குக்காரர் அதைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார். சிங்கப்பூர்க்காரரோ பினாங்குத் தட்டு வெளிறிப்போயிருக்கிறது என்பார். வெளியூர்க்காரர் இந்தச் சண்டையில் தலையிடாமல் இரண்டையும் சாப்பிடுவது உத்தமம். ஆனாலும் கரி அடுப்பின் வாசம் துலங்குவது பினாங்கு வகையில்தான். அதில் இனிப்பு முந்திக்கொண்டு வருவதில்லை.

புதிதாகப் போகிறவரைக் குழப்புவது நூடுல்சின் வகைகள். அகலமான அரிசி நாடா கொய்தியோ. சேமியா போல மெல்லிய அரிசி நூடுல்ஸ் மீகூன். கோதுமையில் செய்த, உருண்டையான மஞ்சள் நூடுல்ஸ் மீ. மஞ்சளைப் பார்த்துவிட்டு முட்டை சேர்த்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கார உப்புகள் கரைத்த நீரின் வேலை. சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் மாவில் சேரும்போது, கோதுமையிலேயே உள்ள சில நிறமிகள் மஞ்சளாக மாறுகின்றன. மாவின் பசைத்தன்மையும் இறுகுவதால்தான் மீ கொதிக்கிற குழம்பில் கிடந்தாலும் சட்டியில் புரண்டாலும் குழையாமல் நிற்கிறது. சோப்பு மாதிரி லேசான ஒரு வாடை அடித்தால் அதுவும் இந்த உப்பின் கைவரிசையே. நல்ல கடைக்காரர் வெந்நீரில் ஒரு முறை அலசிவிட்டுத்தான் வறுப்பார்.

பெயரை நம்பி ஏமாறுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹொக்கியன் மீ. பினாங்கில் கேட்டால் இறால் தலையும் எலும்பும் கொதித்த சிவந்த காரச் சாறில் நூடுல்ஸ் மிதந்து வரும். கோலாலம்பூரில் அதே பெயருக்குக் கிடைப்பது, கெட்டியான கறுப்புச் சோயாவில் பிரட்டிய தடித்த மீ, மேலே பொரித்த கொழுப்புத் துணுக்குகள். 1927-இல் தொடங்கிய கிம் லியான் கீ என்ற பெட்டாலிங் ஸ்திரீட் கடைதான் இந்தக் கறுப்பு வகைக்குத் தாய்வீடு என்பார்கள். சிங்கப்பூரில் மீயும் மீகூனும் கலந்து, இறால் சாறை ஊற்றி ஊற்றி வற்றவைத்து, சம்பலும் எலுமிச்சையும் ஓரத்தில் வைத்துத் தருவார்கள். மூன்று ஊர், மூன்று பண்டம். ஹொக்கியன் மக்கள் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து எங்கெங்கே போய் இறங்கினார்களோ, அங்கங்கே கிடைத்ததை வைத்துச் சமைத்துக்கொண்டார்கள்.

தமிழ் வாசகருக்குப் பினாங்கில் சொந்தம் கொண்டாட ஒரு தட்டு இருக்கிறது. மீ கோரிங்.

ஆங்கிலேயர் 1786-இல் பினாங்கில் காலூன்றிய சில ஆண்டுகளிலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே நிலைபெற்றுவிட்டார்கள். அவர்கள் கட்டிய காப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தொடக்கம் 1801. சூலியா ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் இருக்கிறது. ராமநாதபுரம், நாகூர், கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்து பின்னால் வந்தவர்களில் பலர் சாப்பாட்டுத் தொழிலில் இறங்கினார்கள். சோற்றையும் கறியையும் காவடி போலத் தோளில் தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றவர்களின் நாசி கண்டார் இன்று நாடறிந்த உணவு. மீ கோரிங்கும் அதே கைகளில் உருவானதுதான். சீனரின் மஞ்சள் மீயை எடுத்துக்கொண்டார்கள், பன்றிக்கொழுப்பைக் கழித்தார்கள், வற்றல் மிளகாய் அரைத்த விழுதையும் தக்காளிச் சாற்றையும் சேர்த்தார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, பொரித்த சோயாக்கட்டி, மாவில் பொரித்த வடைத் துண்டுகள், முளைப்பயறு, கீரை, முட்டை எல்லாம் சட்டியில் சேரும். பினாங்கு வகையில் இனிப்பும் காரமுமான கணவாய்ச் சம்பல் ஒரு கரண்டி மேலே விழும். ஓரத்தில் பாதி சின்ன எலுமிச்சை. அதைப் பிழியாமல் சாப்பிடுவது பாவம்.

இதை 'இந்தியன் மீ' என்றும் சொல்கிறார்கள். ஆனால் கடையநல்லூரிலோ கீழக்கரையிலோ தேடினால் கிடைக்காது. கடல் கடந்து போன தமிழர்கள், போன இடத்துச் சரக்கை வைத்துத் தங்கள் நாக்குக்கு ஏற்பச் செய்துகொண்ட சாப்பாடு இது. பெரும்பாலான மீ கோரிங் கடையில் மீ ரெபுஸும் இருக்கும்: அதே மஞ்சள் மீ, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பில். இன்னும் பிற்காலத்து வரவு மேகி கோரிங். பாக்கெட் நூடுல்சை வேகவைத்து, அதன் மசாலாப் பொடியோடு முட்டையும் மிளகாய் விழுதும் போட்டு வறுத்துத் தருவது. சமையல் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். நள்ளிரவில் பந்து ஆட்டம் பார்த்தபடி தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் சுளிக்க மாட்டார்கள். அந்தக் கடைகளில் காதில் விழும் ஒரு சொல் தமிழருக்கு இனிக்கும். மலாய்க்காரரும் சீனரும் பரிமாறுகிறவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நூடுல்சுக்குப் பக்கத்துக் கடையில் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். பினாங்கின் பசெம்போரும் தமிழ் முஸ்லிம்களின் கைவண்ணமே. இறால் வடை, தேங்காய் வடை, பொரித்த சோயாக்கட்டி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, கணவாய் என்று மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். வேண்டியதைக் காட்டினால் துண்டு துண்டாக நறுக்கி, துருவிய வெள்ளரிக்காயும் செங்குவாங் கிழங்கும் தூவி, சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் மிளகாயும் சேர்ந்த இளஞ்சூடான குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் இதன் உறவுப் பண்டத்துக்கு இந்தியன் ரோஜாக் என்று பெயர். அங்கே குழம்பைத் தனிக் கிண்ணத்தில் தருவார்கள், தொட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை. பசெம்போருக்கு விலை தட்டுக்கு அல்ல, எடுத்துவைக்கும் துண்டுக்கு. ஆசையாக நண்டையும் பெரிய இறாலையும் காட்டிவிட்டு, கணக்குச் சொன்னதும் திகைத்து நிற்கும் சுற்றுலாக்காரர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். நறுக்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பீசாங் கோரிங் நம் வாழைக்காய் பஜ்ஜி அல்ல. நன்றாகப் பழுத்த பழம், பெரும்பாலும் அரிசிமாவுக் கரைசல், அதில் சில கடைக்காரர்கள் துளி சுண்ணாம்புத் தெளிவையும் விடுவார்கள். அரிசிமாவில் கோதுமையின் பசை இல்லை. எண்ணெயையும் குறைவாகவே குடிக்கும். அதனால் ஓடு மொறுமொறுவென்று நிற்க, உள்ளே பழம் பாகாகக் குழைந்திருக்கும். சிங்கப்பூரின் இறால் வடையையும் சொல்ல வேண்டும். வடை தமிழருடையது. அதன் நெற்றியில் ஓடு நீக்காத முழு இறாலைப் பதித்துப் பொரிப்பதும் பச்சை மிளகாயோடு கடித்துத் தின்பதும் சிங்கப்பூரின் வழக்கம். கேலாங் சிராய் நோன்புச் சந்தையில் அதற்கு வரிசை நிற்கும்.

தெருவில் இருந்தவர்களைக் கூரையின் கீழ் கொண்டுவந்ததில் சிங்கப்பூரின் கதை தனி. 1968, 69-இல் தீவு முழுவதும் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவு கால்வாயில் போகிறது, டைஃபாய்டும் காலராவும் தலைகாட்டுகின்றன என்பது அரசின் கவலை. 1971-இலிருந்து 1986 வரை தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாயோடு நிலையங்கள் கட்டி அவர்களைக் குடியேற்றினார்கள். இப்போது தீவில் 110-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2016-இல் மிஷெலின் வழிகாட்டி முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு அங்காடிக்கடைகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது; ஒன்று ஹில் ஸ்திரீட் தாய் ஹ்வா பன்றி இறைச்சி நூடுல்ஸ் கடை, மற்றது லியாவ் ஃபானின் சோயா கோழிக் கடை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலும் நட்சத்திரமும் வந்துவிட்டன. சட்டியைப் பிடிக்கத்தான் ஆள் குறைகிறது. சிங்கப்பூர் அங்காடிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 60 வயதை ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள். விடியுமுன் சந்தைக்குப் போய், நாள் முழுக்க அனலில் நின்று, இரவில் பாத்திரம் கழுவும் தொழிலுக்குப் படித்த பிள்ளைகள் வரத் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது. பினாங்கு வேறொரு வழியில் போனது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வறுத்தால் ஊரின் சுவை கெடுகிறது என்று புகார் கிளம்ப, ஒட்டுக்கடைகளில் குறிப்பிட்ட உள்ளூர் உணவுகளை வெளிநாட்டார் தலைமைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று மாநில அரசு 2014-இல் அறிவித்து, 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. சார் கொய்தியோவும் ஹொக்கியன் மீயும் பசெம்போரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை.

இந்தத் தடை கொஞ்சம் விசித்திரமானது. பசெம்போரை அந்தத் தீவுக்குக் கொடுத்தவர்களே ஒரு காலத்தில் கப்பலேறி வந்த வெளிநாட்டார்தானே! ஆனால் கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரே பண்டத்தை இருபது வருடம் வறுத்த கைக்குத் தெரிவது, மூன்று மாதம் பழகி வேலைக்கு நிற்கும் கைக்குத் தெரியாது. அந்தக் கை எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறது என்பதைவிட, எத்தனை வருடம் அந்தச் சட்டியோடு இருந்தது என்பதே தட்டில் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சில விவரங்கள். பன்றி தவிர்ப்பவர்கள் சீனர் கடைக் கொய்தியோவை, எந்தக் கொழுப்பில் வறுத்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. மலாய்க்காரர் நடத்தும் ஹலால் கொய்தியோக் கடைகள் நிறைய உண்டு. அது சற்றே ஈரமாக, காரமாக வரும். சைவர்களுக்குச் சிரமம் அதிகம், ஏனென்றால் இறைச்சி இல்லாத தட்டிலும் பெலாச்சான் என்கிற இறால் விழுது ஒளிந்திருக்கும். பௌத்தச் சைவக் கடைகளைத் தேடிப் போவதே வழி. பல உணவங்காடி நிலையங்களில் அப்படி ஒரு கடையாவது இருக்கும். சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிடப் பழக்கமில்லாத வயிறு என்றால், சிப்பி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பினாங்குக் காப்பிக்கடைகளில் இடம் ஒருவருடையது, சட்டி வேறொருவருடையது. பானம் விற்றுத்தான் இடத்துக்காரருக்கு வருமானம். பானம் வாங்காமல் உட்கார்ந்தால் தனியாகக் காசு கேட்கும் கடைகளும் உண்டு. சிங்கப்பூரில் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ இடம் பிடித்துவைத்ததற்கு அடையாளம். சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய் உரிய இடத்தில் வைப்பது அங்கே 2021 செப்டம்பர் முதல் கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம்.

பினாங்கில் ஒரே நாள்தான் கைவசம் என்றால், பகலில் மீ கோரிங், மாலையில் பீசாங் கோரிங், இரவில் கரி அடுப்புக் கொய்தியோ என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டலம் கட்டி விடுதிக்கு எடுத்துப்போக வேண்டாம். மூடிய பொட்டலத்துக்குள் ஆவி இறங்கி, வரிசையில் நின்று வாங்கிய புகைமணம் பத்து நிமிடத்தில் போய்விடும். பல கடைகள் சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுகின்றன, வார விடுமுறையும் கடைக்குக் கடை மாறுகிறது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.